தேடிச் செல்லும் கடமை: மலையகக் கல்வி வலயங்களில் விசேட கல்விக்குத் தலைமை தாங்குதல்

இலங்கையின் கல்வி வலயமொன்றில் விசேட கல்விக்குப் பொறுப்பேற்றிருப்பவரின் கையிலுள்ள அதிகாரம் சிறிது. அவர் பார்க்க வேண்டிய பரப்போ பெரிது. அப்பொறுப்பு பெரும்பாலும் உதவிக் கல்விப் பணிப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவரிடம் ஏற்கெனவே வேறு பாடங்களும் நிகழ்ச்சித்திட்டங்களும் இருக்க, அவற்றோடு இதுவும் சேர்க்கப்படுவது அரிதன்று. அவருக்கு மேலே வலயக் கல்விப் பணிப்பாளரும், 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழிவந்த மாகாணக் கல்வித் திணைக்களமும், பத்தரமுல்லை இசுருபாயவில் கல்வி அமைச்சின் முறைசாரா மற்றும் விசேட கல்விக் கிளையும் உள்ளன. அவருக்குக் கீழே கோட்டக் கல்விப் பணிப்பாளர்களும், பாடசாலைகளுக்குச் சென்று வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர்களும், இறுதியாக அதிபரும் ஆசிரியரும் உள்ளனர். ஆசிரியரை நியமிப்பது மாகாணம், பாடத்திட்டத்தை வகுப்பது மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம், பணத்தை ஒதுக்குவது திறைசேரி. வலயத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கும் தேசியப் பாடசாலைகள்கூட மத்திய அமைச்சின் கீழ் வருவன. இவ்வாறு எல்லாப் பக்கமும் பிறர் கையில் இருக்க, இடையில் நின்று ஒரு சேவையை நடத்தும் பணியே இங்கு தலைமை எனப்படுகிறது.

நுவரெலியா மாவட்டம் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை என ஐந்து கல்வி வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இம்மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர்; தேயிலைத் தோட்டங்கள் அடர்ந்த ஹட்டன், நுவரெலியா ஆகிய இரு வலயங்களிலும் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளே சேவையின் மையமாக அமைகின்றன. அவற்றுள் கணிசமானவை வகை 3 என்று குறிக்கப்படும், ஐந்தாம் அல்லது எட்டாம் தரத்தோடு முடியும் சிறு பாடசாலைகள். உயர்தர விஞ்ஞானப் பிரிவுவரை கொண்ட 1ஏபி பாடசாலைகள் ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களிலும் சில சிறு பட்டினங்களிலுமே உள்ளன. இவ்வேறுபாடு விசேட கல்விக்கு எத்துணை முக்கியமானது என்பது பின்னர் தெளிவாகும்.

பார்வை, கேட்டல், உடலியக்கம், பேச்சு, அறிவு வளர்ச்சி, நடத்தை ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ இடர்ப்படும் பிள்ளைக்கு ஏற்பக் கற்பித்தலையும் கற்கும் சூழலையும் மாற்றியமைத்துக் கொடுப்பது விசேட கல்வி எனப்படும். இலங்கையில் அது மூன்று வடிவங்களில் நிலவுகிறது. பார்வையற்றோர், செவிப்புலனற்றோர் முதலியோருக்கென நிறுவனங்களும் தொண்டர் அமைப்புகளும் நடத்த, அரசு ஆசிரியர் சம்பளம் முதலியவற்றை வழங்கும் விசேட பாடசாலைகள் முதலாவது வடிவம். சாதாரண பாடசாலைக்குள் தனி வகுப்பறையாக அமையும் விசேட கல்வி அலகு இரண்டாவது. பிள்ளை தன் வயதொத்தவர்களோடு ஒரே வகுப்பில் இருக்க, அவ்வகுப்பே அப்பிள்ளைக்கேற்ப மாறிக்கொள்ளும் உட்படுத்தல் கல்வி மூன்றாவது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய உலக மாநாடு இதனையே நாடுகளின் முதன்மை வழியாக முன்வைத்தது. இம்மூன்றில் எது சிறந்தது என்பது பற்றிக் கல்வியியலாளரிடையே நீண்டகாலமாக நடந்துவரும் விவாதத்தில் மலையகம் தொடர்பான மூலக் கேள்வி ஒன்று பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இம்மூன்றில் எதற்குள்ளேனும் வந்து சேர வேண்டிய பிள்ளையைக் கண்டுபிடிப்பது யாருடைய கடமை என்பதே அக்கேள்வி. இவ்வுரையின் வாதமும் அதைச் சுற்றியே அமைகிறது.

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடையளித்த சட்டங்களில் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1975ஆம் ஆண்டு நிறைவேறியது. பாடசாலைகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளூர் நிருவாக அலகு அங்கு பள்ளி மாவட்டம் எனப்படுகிறது. தன் எல்லைக்குள் வாழும் இயலாமையுடைய ஒவ்வொரு பிள்ளையும், பாடசாலைக்கு வந்திருந்தாலும் வராதிருந்தாலும், தேடிக் கண்டறியப்பட்டு மதிப்பிடப்பட வேண்டும் என்ற கடமையையும், அப்பிள்ளைக்கென எழுத்தில் ஒரு தனியாள் கல்வித் திட்டத்தைப் பெற்றோரோடு கலந்து வகுக்க வேண்டும் என்ற கடமையையும் அச்சட்டம் அரசாங்க அமைப்பின் தோளில் ஏற்றியது. அச்சட்டம் வாக்களித்த மத்திய நிதிப் பங்கு இன்றுவரை முழுமையாக வழங்கப்பட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செல்வம் மிக்க நாட்டிலும் இச்சேவை பற்றாக்குறையோடுதான் நடக்கிறது. ஆயினும் பிள்ளை விடுபட்டுப்போனால் கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் பெற்றோரல்லர், பள்ளி மாவட்ட நிருவாகமே என்ற நிலை அங்கு உறுதியாயிற்று.

இலங்கைச் சட்டங்களின் போக்கு வேறானது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் வெளியான ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமையை அவை பெற்றோர்மீதே சுமத்துகின்றன. அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணமாகக் கொண்டு கல்வி நிறுவனமொன்றில் அனுமதி மறுக்கலாகாது என்று விதித்தது. அது பெரிய முன்னேற்றமே; ஆயினும் வாயிலுக்கு வந்து கேட்பவரைத் திருப்பியனுப்பாதே என்றுதான் அச்சட்டம் சொல்கிறது, வராதவரைத் தேடிப் போ என்று சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007இல் கையொப்பமிட்ட இலங்கை 2016 பெப்ரவரியில் அதனை உறுதிப்படுத்தியது. எவரும் பொதுக் கல்வி முறைமையிலிருந்து விலக்கப்படலாகாது என்று அதன் 24ஆவது உறுப்புரை கூறினும், அவ்வாசகம் வலயப் பணிமனை ஒன்றின் அன்றாட வேலைப் பட்டியலாக இன்னும் இறங்கிவரவில்லை.

பெற்றோர் கேட்டு வந்தால்தான் சேவை என்னும் ஏற்பாடு, கேட்கும் பழக்கமும் வசதியும் உள்ள சமூகத்தில் ஓரளவு நடக்கும். தேயிலைத் தோட்டத்தில் அது ஏன் நடப்பதில்லை என்பதற்கு வரலாறு காரணம் சொல்கிறது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் விட்டது. உழைப்பாளர் தேவைப்படும் நிருவாகத்திடமே அவ்வுழைப்பாளரின் பிள்ளைகளுடைய கல்வியையும் ஒப்படைத்த அவ்வேற்பாட்டின் பயன், ஓரறையும் ஓராசிரியருமாக அமைந்த தோட்டப் பள்ளிக்கூடமே. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன; இம்மக்களில் பெரும்பாலானோருக்குப் பிரசாவுரிமையை மறுத்த 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின் கல்வியை உரிமையாகக் கேட்கும் அரசியல் வலுவும் அவர்களிடம் இல்லாதுபோயிற்று. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1977 முதல் படிப்படியாகத் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. 1980களில் சுவீடனின் உதவியும், தொடர்ந்து ஜெர்மனியின் உதவியும் கட்டடங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் கொண்டுவர, பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. ஏஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட, மலையகக் கல்வியின் அரசியற் பொருளாதாரம் பற்றிய ஆங்கில நூலும், பேராசிரியர் சோ. சந்திரசேகரன், தை. தனராஜ் முதலியோர் தமிழில் எழுதியனவும் இவ்வரலாற்றை விரிவாகப் பதிந்துள்ளன. சாதாரண பிள்ளைக்கே கல்வி இவ்வளவு பிந்தி வந்த இடத்தில், கேளாத பிள்ளைக்கும் நடக்கவியலாத பிள்ளைக்கும் பாடசாலையில் இடமுண்டு என்ற எண்ணமே வேரூன்றக் காலமிருக்கவில்லை.

விசேட பாடசாலைகளின் நிலப்படமும் மலையகத்துக்கு உதவவில்லை. நாட்டின் முதல் விசேட பாடசாலை மேரி சப்மன் என்ற கிறித்தவ மிஷனரி அம்மையாரால் 1912இல் தொடங்கப்பட்டு இன்று இரத்மலானையில் அமைந்துள்ளது. தமிழ்மொழிமூலம் செவிப்புலனற்ற, பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நஃபீல்ட் பாடசாலை 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் எழுந்தது. நுவரெலியாவிலிருந்து கண்டி வழியாக ஏ9 வீதியில் கைதடிக்குச் செல்வதெனில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போர்க்காலத்தில் அவ்வீதி 2002 வரை நீண்டகாலம் மூடப்பட்டிருந்ததையும், திறக்கப்பட்டுப் பின் 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டதையும் எண்ணிப் பார்த்தால், ஒரு தலைமுறை மலையகப் பிள்ளைகளுக்குத் தமிழில் சைகை மொழியும் பிரெயிலும் கற்கும் வாய்ப்பு எவ்வளவு எட்டாததாக இருந்தது என்பது விளங்கும். வீதி திறந்திருக்கும் காலத்திலும், ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரத்து விடுதிக்கு அனுப்பத் தயங்கும் தாயைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே சேவை மலையகத்துக்குள்ளேயே அமைய வேண்டும். அமைவதற்கு முன் பிள்ளை எங்கிருக்கிறது என்பது தெரிய வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமொன்றில் வாழும் எல்லாருக்கும் நன்கு தெரிந்த பிள்ளையை எந்தப் பாடசாலைப் பதிவேடும் அறியாதிருக்கும் நிலை இங்கு இயல்பாக உண்டாகிறது. அப்பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. தாய் கொழுந்து பறிக்கச் செல்லும்போது குழந்தையை விட்டுச் செல்லும் இடம் பேச்சுவழக்கில் பிள்ளைக்காம்பரா எனவும் ஆவணங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனவும் வழங்குகிறது. அதைத் தோட்ட நிருவாகம், 1992இல் உருவாக்கப்பட்ட பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் துணையோடு நடத்துகிறது. அங்குள்ள சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், எந்தக் குழந்தை பேரைச் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்பதையும், எது இரண்டு வயதாகியும் நிற்கவில்லை என்பதையும் நாள்தோறும் காண்கிறார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்த குடும்ப நல உத்தியோகத்தர் குழந்தையின் எடையையும் வளர்ச்சிப் படிகளையும் சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேட்டில் குறிக்கிறார். ஐந்து வயதில் பாடசாலை தன் சேர்வுப் பதிவேட்டைத் திறக்கிறது. முதலாவதான பிள்ளைக்காம்பராப் பதிவேடு தோட்ட நிருவாகத்தினுடையது, இரண்டாவது சுகாதாரத் துறையினுடையது, மூன்றாவது மாகாணக் கல்வித் திணைக்களத்தினுடையது. ஒன்றிலுள்ள பேர் மற்றொன்றில் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை எவருக்கும் எழுத்தில் வழங்கப்படவில்லை. விசேட கல்விக்குப் பொறுப்பானவர் ஆண்டுதோறும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தம் வலயத்தின் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் நான்கு வயது நிறைந்த குழந்தைகளின் பட்டியலைப் பெற்று, ஜனவரியில் முதலாந் தரத்தில் சேர்ந்தவர்களின் பட்டியலோடு வைத்துப் பார்ப்பாராயின், விடுபட்ட பேர்கள் தாமே வெளிப்படும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, வெளிநாட்டு நிதி தேவையில்லை. மூன்று அலுவலகங்களின் கதவைத் தட்டும் விடாமுயற்சி மட்டும் தேவை. எளிதாகத் தோன்றுவதாலேயே இது செய்யப்படாமல் இருக்கிறதோ என்று ஐயுறவும் இடமுண்டு.

பட்டியல் தயாரிக்கும்போது கேட்கப்படும் கேள்வி எவ்வாறு அமைகிறது என்பதும் விளைவை மாற்றும். உங்கள் வீட்டில் ஊனமுற்ற பிள்ளை உண்டா என்று கேட்டால் இல்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடையில் வெட்கமும் உண்டு, மூத்த மகளின் திருமணம் பற்றிய கவலையும் உண்டு. ஐக்கிய நாடுகள் புள்ளிவிவர ஆணைக்குழுவின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு இக்கேள்வியை வேறுவிதமாக அமைத்தது: பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவுகொள்வதில், தன்னைப் பராமரித்துக்கொள்வதில், பிறரோடு பேசிப் புரிந்துகொள்வதில் சிரமம் உண்டா, உண்டாயின் எவ்வளவு என்பதே அதன் முறை. இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடும் இத்தகைய பகுப்பைக் கையாண்டு, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர் ஏதோவொரு சிரமம் உடையவர்கள் எனக் கண்டது. அவர்களில் முதியோரே மிகுதி என்பதால் அவ்வீதத்தை அப்படியே பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பொருத்துவது தவறு. ஆனால் கேள்வியை மாற்றினால் மறைந்திருந்தவர் வெளியே வருவர் என்ற பாடம் லயங்களுக்கு முற்றும் பொருந்தும்.

பாடசாலைக்கு வந்துவிட்ட பிள்ளையைக் கண்டறிவதற்கு ஏற்கெனவே இரண்டு வாயில்கள் உள்ளன. முதலாந் தரத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை விளையாட்டுகளினூடாக அவதானித்து ஒவ்வொருவரின் திறனையும் குறித்துக்கொள்ளும் இனங்காணல் நிகழ்ச்சி 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தின் கொடை. மற்றையது பாடசாலை மருத்துவப் பரிசோதனை. 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடைபெறும் இப்பரிசோதனை, 200க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்பதால், வகை 3 தோட்டப் பாடசாலைகளுக்கு இது தனிச் சலுகையாகவே அமைகிறது. இருந்தும் இவ்விரு வாயில்களிலும் பிள்ளைகள் நழுவிப்போவதற்கு மலையகத்துக்கே உரிய காரணமொன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம், தோட்டத் துறையில் 31.7 வீதம். நீண்டகால ஊட்டக்குறைவின் அடையாளமான இக்குறை ஓர் இயலாமையன்று. ஆனால் அது மொழி வளர்ச்சியையும் கவனத்தையும் பின்னிழுக்கக்கூடியது. வகுப்பில் பலரும் பின்தங்கியிருக்கையில், காது சரியாகக் கேளாத பிள்ளையும் மெல்லக் கற்கும் பிள்ளையாகவே ஆசிரியருக்குத் தென்படும். மறுபுறம், காலையில் உண்ணாமல் வந்து சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு அறிவு வளர்ச்சிக் குறை என்ற முத்திரை விழுந்து, விசேட அலகுக்கு அனுப்பப்படும் ஆபத்தும் உண்டு. இவ்விரு பிழைகளில் இரண்டாவது கூடுதல் கொடியது, ஏனெனில் அந்த முத்திரை ஒருமுறை விழுந்தால் அழிவதில்லை. கேட்டலும் பார்வையும் சோதிக்கப்படாத எந்தப் பிள்ளையையும் அறிவுக் குறையுடையது என வகைப்படுத்தலாகாது என்னும் ஒற்றை விதியை வலயம் தனக்குத்தானே விதித்துக்கொள்வது இப்பிழையைப் பெருமளவு தடுக்கும்.

சோதிப்பது எங்கே என்ற கேள்வி உடனே எழுகிறது. டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் அண்மையில் விரிவடைந்திருப்பினும், பிள்ளை நரம்பியல், செவிப்புலன் அளவீடு, பேச்சுச் சிகிச்சை போன்ற சிறப்புத் துறைகளுக்குப் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையையோ கொழும்பையோ நாட வேண்டிய தேவை தொடர்கிறது. ஹட்டனிலிருந்து கண்டிப் பக்கம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மஸ்கெலியாவின் மேல்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து புறப்படுபவர் முதலில் ஹட்டனுக்கு வந்து சேர வேண்டும். ஒரு தாய் அன்று வேலைக்குப் போகாவிடில் தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேடான செக்ரோலில் அவருக்குப் பேர் விழாது. 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் அடிப்படைச் சம்பளமாக 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி அன்று இல்லை, பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் மேலதிகம். ஒரு முறை போய் முடிவதன்று, மூன்று நான்கு முறை அழைக்கப்படுவர் என்பதால் இரண்டாம் முறையோடு பலர் நின்றுவிடுகின்றனர். இதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று அறிக்கையில் எழுதுவது எளிது. நிபுணர் குழுவை மாதமொரு முறை ஹட்டனுக்கு வரவழைத்து, ஒரே நாளில் காதும் கண்ணும் பேச்சும் பார்க்கப்படுமாறு வலயப் பணிமனை சுகாதாரத் துறையோடு சேர்ந்து ஒழுங்குசெய்தலும், பரிசோதனைக்குச் சென்ற நாளுக்குத் தாயின் பேர் வெட்டப்படாதிருக்கத் தோட்ட நிருவாகத்தோடும் தொழிற்சங்கங்களோடும் பேசுதலும் கடினமானவை. ஆனால் அவையே உண்மையான தலைமைப் பணி. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் பேசும் மேசையில் இக்கோரிக்கை ஒரு வரியாகவேனும் ஏறாதிருப்பது வியப்புக்குரியது.

மொழியும் இங்கு மருத்துவத்தின் ஒரு பகுதியே. பேச்சுச் சிகிச்சை என்பது பிள்ளை வீட்டில் கேட்கும் மொழியில் நடைபெற வேண்டிய ஒன்று. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடம் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவித்து வருகிறதெனினும், தமிழில் சிகிச்சையளிக்கக்கூடியோர் தேவைக்கு மிகக் குறைவு. தாயிடம் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சிங்களத்தில் விளக்கி அனுப்பும்போது சிகிச்சை அங்கேயே அறுபட்டுவிடுகிறது. மலையகத்திலிருந்து உயிரியற் பிரிவில் சித்தியடையும் மாணவர்களுக்கு இத்துறையை அறிமுகப்படுத்துவதும் விசேட கல்வித் தலைமையின் வேலைதான் என்று சொன்னால், அது எல்லை கடந்த எதிர்பார்ப்பாகத் தோன்றலாம். ஆனால் வேறெவரும் அதைச் செய்யப்போவதில்லை.

கண்டறியப்பட்ட பிள்ளையை எங்கே அமர்த்துவது என்பது அடுத்த சிக்கல். விசேட கல்வி அலகு வழமையாக நகரிலுள்ள பெரிய பாடசாலையில், வெற்றறையும் ஆசிரியரும் உள்ள இடத்தில் தொடங்கப்படுகிறது. சமவெளி நாட்டில் அவ்வலகு சுற்றுவட்டாரத்துக்குப் பயன்படலாம்; பொகவந்தலாவையிலோ நோர்வூட்டிலோ, மலைச்சரிவில் டிவிஷன் எனப்படும் ஒரு தோட்டப் பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்குமிடையே நடந்தே ஏறி இறங்க வேண்டிய நிலத்தில், நகர அலகு நகரப் பிள்ளைக்கு மட்டுமே அலகாகிறது. ஆகவே ஆசிரியர் நிலையாக இருக்கப் பிள்ளை பயணம் செய்யும் முறைக்குப் பதிலாக, பிள்ளை தன் தோட்டப் பாடசாலையிலேயே இருக்க விசேட கல்வி ஆசிரியர் வாரத்தின் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு பாடசாலைகளுக்குச் செல்லும் சுற்றாசிரியர் முறையே மலையகத்துக்குப் பொருத்தமானது. இதற்கு இரண்டு துணைகள் தேவை. ஒன்று, ஒவ்வொரு பாடசாலையிலும் இப்பிள்ளைகளுக்குப் பொறுப்பாகப் பெயர் குறிக்கப்பட்ட ஓர் ஆசிரியர். இங்கிலாந்து 1994இல் வெளியிட்ட நடைமுறைக் கோவை ஒவ்வொரு சாதாரண பாடசாலையிலும் இத்தகைய ஒருங்கிணைப்பாளர் இருப்பதை வலியுறுத்தியது. மற்றது, சுற்றாசிரியருக்குப் பயணப்படியும், அவருடைய நேரசூசியை மதிக்கும் அதிபர்களும். பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டே பாடசாலை மதிக்கப்படும் சூழலில், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் வீதத்தைக் குறைத்துவிடுமோ என்ற அச்சத்தால் விசேட தேவையுடைய பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் அதிபரைச் சுற்றுநிருபத்தால் மட்டும் மாற்ற முடியாது. பாடசாலை மேற்பார்வைப் படிவத்திலேயே இப்பிள்ளைகளின் வரவும் முன்னேற்றமும் கணக்கிடப்பட வேண்டும்.

படுக்கையிலிருந்து எழ இயலாத பிள்ளைக்குப் பாடசாலை வீட்டுக்கே செல்ல வேண்டியிருக்கும். இந்தியாவில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் செய்யப்பட்ட திருத்தம், பல்வகை மற்றும் கடுமையான இயலாமையுடைய பிள்ளை வீடுசார் கல்வியைத் தெரிவுசெய்யும் உரிமையை அளித்தது; தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களோடு இணைந்த சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அவ்வீடுகளுக்குச் செல்கின்றனர். அதிலும் ஒரு பொறி உண்டு: பாடசாலைக்கு வரக்கூடிய பிள்ளையையும் வீட்டிலேயே வைத்துவிட இவ்வேற்பாடு வசதியான சாக்காகலாம். லயத்தின் ஓரறையில் பகல் முழுவதும் தனித்திருக்கும் பிள்ளைக்கு வாரமொரு மணிநேரக் கற்பித்தலைவிட, பிற பிள்ளைகளின் சத்தத்துக்கிடையே இருப்பதே பெரும் பயன் தரும் என்பதால், மலையகத்தில் வீடுசார் கல்வி கடைசித் தெரிவாகவே இருக்க வேண்டும்.

அரசு பின்தங்கிய இடத்தில் தொண்டர் அமைப்புகள் முன்சென்றுள்ளன. 1988இல் நுவரெலியாவில் தொடங்கிய மென்காஃபெப், அறிவு வளர்ச்சிக் குறையுடைய பிள்ளைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் இம்மலைப்பகுதியில் செய்துவரும் சேவை, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் பிள்ளைக்குக் கற்பிக்க முடியாது என்பதை எடுத்துக்காட்டியது. இத்தகைய நிலையங்கள் இருப்பதைக் காட்டி அரசப் பாடசாலைகள் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்வதே இங்குள்ள குறை; அங்கு பழக்கப்பட்ட பிள்ளை அருகிலுள்ள பாடசாலைக்கு மாறுவதற்கான வழி எழுத்தில் இருக்குமாயின் இரு பக்கமும் பலன் பெறும்.

ஆசிரியர் பற்றிச் சொல்லாமல் இவ்விடயம் முடியாது. மலையகப் பாடசாலைகளின் நெடுநாள் ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுசெய்ய 2015 அளவில் நியமிக்கப்பட்ட ஆசிரியர் உதவியாளர்கள், தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவோடு வகுப்பறைக்கு வந்து, பணியிலிருந்தவாறே பயிற்சி பெற்றவர்கள். முதலாந் தரத்தில் இனங்காணலைச் செய்யும் கை பெரும்பாலும் இவர்களுடையது. இவர்களில் பலர் அதே தோட்டங்களில் பிறந்தவர்கள், லயத்தின் பேச்சும் வீட்டு நிலையும் அறிந்தவர்கள். தேசிய கல்வி நிறுவகமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் நடத்தும் விசேட கல்விக் கற்கைகளுக்கு இவர்களை அனுப்புவதோடு நில்லாமல், பயிற்சி முடித்தவரை மீண்டும் கணிதமோ சுற்றாடலோ கற்பிக்கும்படி அமர்த்தாதிருக்கும் கட்டுப்பாடும் வலயத்திடம் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது அவரோடு அப்பாடசாலையின் விசேட கல்வியும் சென்றுவிடுவதைக் காணும் எவரும், ஒருவருக்குப் பதில் இருவரைப் பயிற்றுவிப்பதே சிக்கனம் என்பதை ஒப்புக்கொள்வர்.

சாதாரண தரப் பரீட்சைவரை வந்து சேரும் சிலருக்காகப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம், சொல்வதை எழுதுபவர், பிரெயில் வினாத்தாள் முதலிய சலுகைகளை வழங்குகிறது. ஆனால் அவை விண்ணப்பித்தால் மட்டுமே கிடைப்பன, மருத்துவச் சான்றோடு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பல தோட்டப் பாடசாலை அதிபர்களுக்குப் பரீட்சை நெருங்கிய பின்னரே தெரியவருகிறது. ஒன்பதாந் தரத்தின் இறுதியிலேயே வலயத்திலுள்ள இத்தகைய மாணவரின் பட்டியலை எடுத்து, சான்றிதழுக்கான பரிசோதனையை முன்கூட்டியே முடித்து வைப்பது உதவிக் கல்விப் பணிப்பாளர் ஒருவரின் நாட்காட்டியில் இடம்பெற வேண்டிய வேலை. பரீட்சை எழுதாத மற்றவர்களுக்கு 16 வயதோடு கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு முடிகிறது. அதன்பின் அவர்கள் சமூக சேவைத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் உரியவர்களாகின்றனர். பத்தாண்டுக் காலம் அப்பிள்ளையைப் பற்றி ஆசிரியர் எழுதி வைத்த கோப்பு பாடசாலையின் அலுமாரியிலேயே தங்கிவிட, பிரதேச செயலகத்தில் அதே பிள்ளைக்குப் புதிதாக ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. தாயின் கையொப்பத்தோடு பாடசாலைக் கோப்பின் ஒரு பிரதியைத் தமிழில் பிரதேச செயலகத்துக்கு அனுப்பிவைக்கும் அதிகாரம் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு இன்றே உண்டு.